சின்னப் பச்சை

முதல் மடக்கிலேயே வாய் இறுகிக்கொண்டது. செங்காயாக இருக்கும் நாவல்பழத்தைக் கடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒரு துவர்ப்பு. மூக்கில் மட்டும் லேசாக வயலட் பூ வாசம். கிளாஸின் அடி தெரியாத கருஞ்சிவப்பு.

“எப்படிடா இருக்கு?” என்றான் அடிலெய்ட் நண்பன்.

“பாட்டே இல்லாம தனி ஆவர்த்தனம் மட்டும் கேக்குற மாதிரி இருக்கு” என்றேன். சிரித்தான். தனி ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களில் நானும் ஒருவன் என்பது அவனுக்குத் தெரியும்.

பாட்டிலில் இருந்தது பெத்தி வெர்தோ. பிரான்ஸில், போர்தோவின் மெதோக் பகுதியில் நெடுங்காலமாக இருக்கும் திராட்சை. ஆனால் அங்கே இதன் பெயரைச் சொல்லி யாரும் ஒயின் கேட்பதில்லை. கபர்னே சாவின்யோனும் மெர்லோவும்தான் கச்சேரி செய்யும். இதை 2 சதவீதம், 3 சதவீதம், மனசு வந்தால் 5 என்று சேர்ப்பார்கள். நிறத்துக்கு, துவர்ப்புக்கு, கொஞ்சம் வாசத்துக்கு. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி என்று சொல்லிவிடலாம். ரொம்ப வசதியான உவமை அது. பெருங்காயத்தை யாரும் தனியாகத் தட்டில் வைப்பதில்லை என்று பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெயரின் பொருள் ‘சின்னப் பச்சை’. கபர்னேவுக்கும் பிந்தித்தான் பழுக்கும். அதற்குள் மெதோக்கில் குளிரும் மழையும் வந்துவிட்டால் காய் பச்சையாகவே நின்றுபோகும். 1956 பிப்ரவரி உறைபனியில் போர்தோவில் ஏராளமான கொடிகள் செத்தன. திரும்ப நட்டபோது பலரும் சீக்கிரம் பழுக்கிற மெர்லோவைத் தேர்ந்தெடுத்தார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவருக்கு அந்த வருட விளைச்சல் முக்கியம். ஆனால் பெயரைப் பாருங்கள். ஓர் ஊரில் வெயில் போதவில்லை என்பதைத் திராட்சையின் குணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதே கொடி தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்டில், மர்ரே ஆற்றுத் தண்ணீரிலும் அந்தச் சுடுவெயிலிலும் நன்றாகவே பழுக்கிறது. நான் குடித்தது அங்கே விளைந்ததைத்தான்.

என் டீமில் ஒருவர் இருந்தார். “நீங்க கூட இருந்தா போதும், எந்த ப்ராஜெக்டும் கரையேறிடும்” என்று மூன்று வருடம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாராட்டு என்றுதான் நம்பினேன். தலைமைப் பொறுப்பு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேறு ஆளுக்குக் கொடுத்தேன். அவருக்கு அது வராது என்பது என் முடிவு. வருமா என்று பார்த்தது கிடையாது. வேலையை விட்டுப் போகிற அன்று அவர் கோபப்படவில்லை. “நான் கூட இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும் சார். நான் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்” என்றார்.

இப்போது அந்தக் குற்றவுணர்ச்சியில் இந்த ஒயினை ஆஹா என்று புகழ்ந்தால் அது இன்னொரு பொய். மூன்றாவது மடக்கில் எனக்கு அலுத்துத்தான் போனது. ஆனால் நல்லா இருந்தால்தான் தனியாக இருக்கலாம் என்ற நிபந்தனையை நான் எந்தக் கபர்னேவுக்கும் போட்டதில்லை. சுமாரான கபர்னே எத்தனையோ குடித்திருக்கிறேன். அந்தப் பாட்டில் சரியில்லை என்றுதான் சொல்வேனே தவிர, இது கலப்புக்குத்தான் லாயக்கு என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியச் சட்டப்படி 85 சதவீதம் இருந்தால் போதும், லேபிளில் ஒரே திராட்சையின் பெயரைப் போடலாம். மிச்சம் 15 வேறு எதுவாகவும் இருக்கலாம். தனி என்று எழுதியிருப்பதற்கு உள்ளேயும் பேர் தெரியாத துணை இருக்கக்கூடும். தலைமைப் பொறுப்பில் இருக்கும் என் விசிட்டிங் கார்டிலும் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

நண்பன் உள்ளே போய் மெர்லோ பாட்டிலோடு வந்தான். “கொஞ்சம் கலந்து தரட்டுமா? இறங்கிடும்.”

கிளாஸைக் கையால் மூடிக்கொண்டேன். ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. காற்றுப் பட்டதில் துவர்ப்பு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது.

“வேணாம்டா. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”