பாஸ் பட்டன் இல்லாத ஆட்டம்

1940 செப்டம்பரிலிருந்து லண்டன்மேல் ஜெர்மன் விமானங்கள் இரவுதோறும் குண்டு போட்டன. மக்கள் பதுங்கு அறைகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் இரவைக் கழித்தார்கள். படுக்க இடமில்லாதவர்கள், கடற்கரையில் விரித்துப் போடுவார்களே, அந்தக் கேன்வாஸ் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் திடீரென்று இறந்துபோனார்கள். உடம்பில் குண்டுக் காயம் எதுவும் இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அந்த வருடமே லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதினார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரல் குழாயை அடைத்திருந்தது. முந்தைய வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் இத்தகைய சாவுகள் ஆறு மடங்கு. நாற்காலியின் முன்பக்கக் கட்டை இரவு முழுக்கத் தொடையின் பின்புறத்தை அழுத்துகிறது, இவர்களுக்குப் படுக்கை கொடுங்கள் என்றார் அவர்.

2011 மே மாதம். அதே நாட்டில், ஷெஃபீல்ட் நகரத்தில், 20 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அதே காரணம்தான், காலிலிருந்து நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டி. சில நாள்களில் 12 மணி நேரம்வரை எக்ஸ்பாக்ஸ் ஆடுகிறவர். கேம் டிசைன் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவருடைய அப்பா, கருவியைச் செய்த நிறுவனத்தின்மேல் பழி போடவில்லை. மற்ற பெற்றோருக்கு இந்த ஆபத்து தெரிய வேண்டும் என்றுதான் ஊடகங்களில் பேசினார்.

இந்த இரண்டு செய்திகளையும் நான் தெரிந்தவர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதலாவதற்கு "அடப்பாவமே" என்பார்கள். இரண்டாவதற்கு, கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவ்ளோ நேரம் யாரு உக்காரச் சொன்னது?"

கட்டி ஒன்றுதான். இரக்கம் மட்டும் எப்படி இரண்டாகப் பிரிகிறது? குண்டுக்குப் பயந்து உட்கார்ந்தால் பலியானவர், ஆட்டத்துக்காக உட்கார்ந்தால் அடிமை. இது வெறும் வாய்த்துடுக்கு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. யார் உட்காரச் சொன்னது? கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

தமிழில் உட்காருவது என்பதே பாதி குற்றச்சாட்டு. "வீட்ல சும்மா உக்காந்திருக்கான்" என்றால் வேலை கிடைக்கவில்லை என்று பொருள். "உக்காந்து சாப்பிடுறான்" என்றால் அடுத்தவர் சம்பாத்தியத்தில் வாழ்கிறான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று பழமொழியே இருக்கிறது. அதனால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் வருவது சோம்பேறி என்ற சொல். அவன் காலைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வரும், வந்தால்.

காலுக்கு இந்த ஒழுக்கக் கணக்கு தெரியாது. பாதத்திலிருந்து ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். புவியீர்ப்புக்கு எதிரான ஏற்றம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தசை மணிக்கணக்கில் வேலை செய்யாவிட்டால் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தத்துக்கு உறையும் குணம் உண்டு. 2003இல் நியூசிலாந்து மருத்துவர்கள், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்து இப்படி ஆபத்தான நிலைக்குப் போன 32 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதி, அதற்கு ஈ-த்ராம்போசிஸ் என்று பெயரே வைத்தார்கள். அவர் கேம் ஆடியவர் என்று எழுதப்படவில்லை. ஆடினாரா, எக்ஸெல் போட்டாரா என்று சிரைக்கு என்ன தெரியும்?

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இளவயதில் இப்படிக் கட்டி வருவது அரிது. பெரும்பாலோருக்கு நடப்பது மெதுவான விஷயம்: முதுகு, கழுத்து, மணிக்கட்டு, பிறகு சர்க்கரை, இதயம். 1953இல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே டீக்கடை. ஆனால் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு, ஒரு ஷிஃப்டில் 600 படி அளவுக்கு ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட இதயநோய் அதிகம். (பிறகு அவரே சீருடை அளவுகளைத் தேடிப் பார்த்து, ஓட்டுநர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பு கொஞ்சம் பெரிது என்று கண்டுபிடித்தார். தன் முடிவைத் தானே சந்தேகிக்கிற ஆராய்ச்சியாளர்களை எனக்குப் பிடிக்கும்.)

இதைப் படித்தால் உட்காருவதுதான் எதிரி என்று தோன்றும். தி. நகர் ஜவுளிக்கடைக்குப் போனால் அந்த எண்ணம் போய்விடும். புடவைகளை விரித்துக் காட்டும் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பார்கள். கால் வீங்கும், நரம்பு சுருண்டு புடைக்கும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்றது. உட்காரும் உரிமைக்கு ஒரு சட்டம்! உலகம் முழுக்க 'உட்காராதே' என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இங்கே உட்கார விடுங்கள் என்று சட்டம் போட வேண்டியிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. உடம்பைக் கெடுப்பது உட்காருவதும் நிற்பதும் மட்டுமில்லை. நினைத்தபோது நிலையை மாற்றிக்கொள்ள முடியாமல் போவதுதான் கெடுக்கிறது. பதுங்கு அறையில் இருந்தவரை மாற்ற விடாதது போர். ஓட்டுநரை விடாதது வேலை. ஜவுளிக்கடைப் பெண்ணை விடாதவர் சூப்பர்வைசர். கேம் ஆடுகிறவனை விடாதது எது? கதவு திறந்திருக்கிறது. யாரும் கட்டிப்போடவில்லை. 'அவனா உக்காந்தான்' என்கிற பதில் இங்கிருந்துதான் பிறக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். கோயம்புத்தூரில் ஒரே ஹாஸ்டல். இப்போது சென்னை, பெங்களூரு, ஈரோடு, அபுதாபி என்று சிதறிக் கிடக்கிறோம். வெள்ளி இரவு பத்தரைக்கு மேல் வேலரன்ட். ஒரு மேட்ச் நாற்பது நிமிடத்தைத் தொடும். நடுவில் ஒருவன் எழுந்து போனால் மீதி நான்கு பேர் ஐந்து பேரை எதிர்த்து ஆட வேண்டும். போனவனுக்குத் தண்டனை உண்டு, ரேங்க் எல்லோருக்கும் அடிபடும். பாஸ் பட்டன் கிடையாது. போன வருடம் பெங்களூருக்காரனுக்கு இடது கெண்டைக்கால் இரண்டு நாளாக வலித்தது. தசைப்பிடிப்பு என்று நினைத்து தைலம் தேய்த்துக்கொண்டு ஆடியிருக்கிறான். மூன்றாவது நாள் ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்தபோது அவன் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாப்ளர் ஸ்கேனில் கட்டி தெரிந்தது. நல்லவேளை, மேலே ஏறவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மாதக்கணக்கில்.

பிறகு போனில் கேட்டேன். "வலிக்குதுன்னா எந்திரிச்சிருக்கலாம்லடா?" அவன் சொன்ன பதில்: "நீங்க நாலு பேரு இருந்தீங்கல்ல மச்சி. விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது?"

நல்லது எதுவென்று தெரிந்தும் ஆசைக்குத் தோற்று வேறொன்றைச் செய்வதைப் பற்றி அரிஸ்டாட்டில் நிறைய யோசித்திருக்கிறார். விளையாட்டு அடிமைத்தனம் பற்றிய பேச்செல்லாம் அந்த வார்ப்பில்தான் நடக்கிறது: மனவலிமை இல்லை, கட்டுப்பாடு இல்லை. என் நண்பன் அந்த வார்ப்பில் பொருந்தவில்லை. அவனை நாற்காலியில் பிடித்துவைத்தது ஆசையைவிட விசுவாசம். ஊரில் இதையெல்லாம் சூது என்று ஒரே கூடையில் போடுவார்கள். போடட்டும், ஆனால் மகாபாரதத்தைக் கொஞ்சம் ஒழுங்காகப் படித்துவிட்டுப் போடட்டும். தருமன் பகடை ஆடப் போனது ஆடும் விருப்பத்தால் மட்டுமில்லை. ஆட்டத்துக்கு அழைத்தால் மறுப்பதில்லை என்பது அவன் தனக்கு வைத்துக்கொண்ட விரதம். நல்ல குணம் ஒன்றே ஆளைப் பலகையோடு சேர்த்துக் கட்டிப்போடும் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. நண்பர்களை விட்டுப் போகாதே என்று வளர்த்துவிட்டு, பிறகு ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்கிறோம்.

அப்படியானால் ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்த விசுவாசத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்களா? அணியாகச் சேர்ந்து ஆடும் எந்த விளையாட்டிலும், கபடியிலும்கூட, நடுவில் போனால் அணிக்குத்தான் நஷ்டம். அதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஆடுகிறவர்களை நிறுத்த எங்களுக்கு வழி தெரியாது' என்று அவர்கள் சொன்னால் நம்ப மாட்டேன். கேண்டி க்ரஷில் ஐந்து உயிர் தீர்ந்தால், அடுத்த உயிர் வர அரை மணி நேரம். காத்திரு, இல்லையென்றால் காசு கொடு. மக்களை எழுப்பிவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கதை இன்னும் சுவாரசியம். வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில், ரொம்ப நேரம் தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் புள்ளி பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ஆடியவர்கள் கொதித்தார்கள். உடனே எண்களை இரட்டிப்பாக்கி, குறைந்ததை 'சாதாரணம்' என்றும், முழுசை 'ஓய்வெடுத்ததற்கான போனஸ்' என்றும் பெயர் மாற்றினார்கள். கணக்கு அதேதான். எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். தண்டனை என்றால் கோபம், பரிசு என்றால் ஓய்வு. எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது. என் ஓய்வை இன்னொருவர் பெயர் மாற்றிக் கொடுத்தால்தான் நான் எடுப்பேன் என்றால், ஆடியது நான்தானா?

அரசுகள் வேறு வழியில் போயின. 2005இல் தென்கொரியாவின் தேகு நகரத்தில், இன்டர்நெட் மையம் ஒன்றில் கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஸ்டார்கிராஃப்ட் ஆடிய 28 வயதுக்காரர் இறந்துபோனார். 2011இல் அந்த நாடு, 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை ஆன்லைனில் ஆடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பெற்றோரின் எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். செல்போன் கேம்களுக்கு அந்தத் தடையும் இல்லை. 2022 ஜனவரியோடு சட்டம் போய்விட்டது. சீனாவில் 2021இலிருந்து சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு எட்டிலிருந்து ஒன்பதுவரைதான். 2023இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது பிஜிஎம்ஐ, சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், பெரியவர்களுக்கு ஆறு என்று வரம்பு வைத்தது.

இவை எல்லாமே கடிகாரத்தை எண்ணுகின்றன. ஆறு மணி நேரத்தையும் ஒரே இருக்கையில் அசையாமல் ஆடினால் விதிப்படி சரி. மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து ஏழாவது மணி நேரம் ஆடினால் தப்பு. உட்கார்ந்த காலுக்கு எது நல்லது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தூக்கம், படிப்பு, பண்பாடு என்று பெரிய கவலைகள் இருந்தன. கால் மேஜைக்குக் கீழே இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

பிறருக்குத் தீங்கில்லாதவரை ஒருவருடைய உடம்பு அவர் பாடு என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வாதாடினார். நான் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். இருபத்தைந்து வயதுக்காரன் இரவு முழுக்க ஆட விரும்பினால் ஆடட்டும். மலையேறுகிறவரும் ஆபத்தோடுதான் ஏறுகிறார், அவரைப் பாராட்டி ஃபோட்டோ போடுகிறோம். ஆனால் மலையேறுகிறவருக்குக் கால் வலித்தால் அந்த வலிதான் அவருக்கு முக்கியமான செய்தி. ஏறுவதா இறங்குவதா என்பதை அதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். மேட்ச் நடுவே தாகம், மூத்திரம், மரத்துப்போன பாதம் எல்லாம் கதவுக்கு வெளியே காத்திருக்கின்றன. உள்ளே கூப்பிட ஆளில்லை. செய்தியே வந்து சேராதபோது எடுக்கிற முடிவை முழு விருப்பம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதற்காக அம்மாவோ அரசோ வந்து வயரைப் பிடுங்குவதும் சரியில்லை. அப்படிப் பிடுங்கினால் அவன் தன் காலின் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொள்ள மாட்டான், கதவைத் தாழ் போடத்தான் கற்றுக்கொள்வான்.

மிச்சமிருப்பது கூட ஆடுகிறவர்கள். விசுவாசம் கட்டிப்போடுகிறது என்றால் முடிச்சை அவிழ்க்கவும் அதே கைகளால்தான் முடியும். டோட்டா 2இல் பாஸ் உண்டு. பத்து பேரில் யார் வேண்டுமானாலும் ஆட்டத்தை நிறுத்தலாம், கொஞ்ச நேரம் கழித்து எதிரணியில் யார் வேண்டுமானாலும் மறுபடி ஓடவிடலாம். ஊர், பெயர், முகம் எதுவும் தெரியாத ஒருவன் 'ஒரு நிமிஷம், பாத்ரூம்' என்று டைப் செய்கிறான். எதிரணியில் சிலர் உடனே எடுத்துவிடுவார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் சும்மா காத்திருக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வேலரன்டில் அந்த வசதி இல்லை என்பதால் நாங்கள் மேட்ச்சுக்கும் மேட்ச்சுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறோம். க்யூ போடுவதற்கு முன்னால் அபுதாபிக்காரன் மைக்கில் கேட்பான்: "எல்லாரும் எந்திரிச்சாச்சா?" பெங்களூருக்காரன் வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவான், மூச்சு வாங்கும். ஈரோட்டுக்காரன் மட்டும் எப்போதும் உட்கார்ந்துகொண்டே "ஆச்சு, ஆச்சு" என்பான். அவன் நாற்காலி எழும்போது கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்கிறவரை யாரும் க்யூ போடுவதில்லை.