ஆருடைய பிள்ளை?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கத்தோலிக்க வீடொன்றில் திருமணப் பேச்சு எழுந்தால், பிள்ளையின் குணத்தையும் பக்தியையும் விசாரிக்கு முன்னரே ஒரு கேள்வி பிறக்கின்றது: "எந்த ஊர்? ஆருடைய ஆட்கள்?" ஊரை அறிவதற்காக மட்டும் அப்படிக் கேட்பதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய இரு குடும்பங்கள் இக்கேள்வியால் முகம் முறிந்து போவதுண்டு.

அப்படியாயின் முன்னோரை மறந்துவிட வேண்டுமா? இல்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது, காணி உறுதிகளோடு பாட்டன் பாட்டியரின் படங்களும் சாம்பலாயின. இழந்தவர்களுக்கே அந்நினைவின் அருமை தெரியும். புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பேரப்பிள்ளைகள் தம் வேரைத் தேடுவதும் நியாயமே. நான்காம் கற்பனையும் பெற்றோரைச் சங்கிக்கச் சொல்கின்றது. ஆனால் நினைவு நன்றியாக இருக்கும்வரைதான் புண்ணியம். பிறரை அளக்கும் கோலாக மாறினால் அது ஆணவம்.

புனித மத்தேயு தமது நற்செய்தியை வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார். அதில் தாவீது அரசர் மட்டுமா இருக்கின்றார்? எரிக்கோவின் விலைமாது இராகாபும், மோவாப் நாட்டு அந்நியப் பெண் ரூத்தும் இருக்கின்றனர். நமது கலியாணத் தரகர் எழுதியிருந்தால் அப்பெயர்களை மறைத்திருப்பார். பரிசுத்த ஆவியானவர் மறைக்கவில்லை.

நமது பெயர்களையே பார்ப்போம். பெர்னாண்டோ, குரூஸ் என்பன எந்தப் பாட்டனின் இரத்தத்தில் ஊறி வந்தவை? போர்த்துக்கேயர் காலத்தில் நம் முன்னோர் ஞானஸ்நானத்தோடு ஏற்றுக்கொண்டவை அவை. நாம் பெருமையோடு சொல்லும் குடும்பப் பெயரே ஞானத் தொட்டியின் கொடை.

புனித யோசப் வாஸ் அடிகளார் கோவாவில் கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லாந்தர் நமது வேதத்தைத் தடைசெய்திருந்த 1687ஆம் ஆண்டில், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். குலப்பெருமை எதுவும் அவரோடு வரவில்லை. கழுத்தில் செபமாலையோடு, பிச்சைக்காரரைப் போல் வீடு வீடாகச் சென்று, சிதறிய மந்தையைத் தேடினார். 1711இல் கண்டியில் மரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருக்குச் சந்ததியில்லை, ஆயினும் இந்நாட்டுக் கத்தோலிக்கர், தமிழரும் சிங்களவருமாய், எல்லோரும் அவருடைய பிள்ளைகளே.

பெற்றோரே, பாட்டன் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் செய்த நன்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து "ஆருடைய பிள்ளை?" என்று கேட்க நா எழும்போது, அதற்கான பதில் ஞானஸ்நானத்தன்றே சொல்லப்பட்டாயிற்று என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.