முதியோர் இல்லமும் நம் கடமையும்

முதியோர் இல்லம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலர் முகஞ்சுளிக்கின்றோம். பெரியோரை வெளியே அனுப்புவது பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றோம். ஆனால், வீட்டிலேயே வைத்துக் காக்கின்றோம் என்று பெருமை பேசும் குடும்பங்கள் சிலவற்றில் முதியவர் எவ்வாறு இருக்கின்றார் என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். கொல்லைப்புறத்தில் ஓர் அறை. கதவோரம் வைத்துவிட்டுப் போகும் தட்டு. நாள் முழுவதும் ஒரு சொல் பேச ஆளில்லாத தனிமை. அவர் தம் வீட்டில்தான் இருக்கின்றார், எனினும் கைவிடப்பட்டவரே. ஆகவே, எந்தக் கூரையின்கீழ் வைத்திருக்கின்றோம் என்பதை மட்டும் கொண்டு அறம் இது, அறக்கேடு இது என்று பிரித்துவிட இயலாது.

2007ஆம் ஆண்டில் நடுவண் அரசு இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இதனை நன்கு உணர்ந்திருக்கின்றது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, தம் பொறுப்பிலுள்ள முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லம் ஒன்றையேனும் அரசு அமைக்கலாம் என்கின்றது. கைவிடுதலைக் குற்றம் என்ற அதே கை, இல்லம் அமைக்கவும் வழி செய்திருக்கின்றது. இடம் குற்றமன்று, நோக்கமே குற்றம். அந்த நோக்கத்தைப் பிறர் எதனால் அறிவர்? சேர்த்துவிட்ட பிறகு நாம் நடந்துகொள்ளும் முறையினால்தான். தூக்குதல், துடைத்தல், மருந்து கொடுத்தல் ஆகிய வேலைகளைக் கூலி கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் ஆகாது. இல்லம் தேடுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதே இதில் நேரும் தவறுகளுக்கெல்லாம் வேர் என்பது நம் கருத்து.

வெறும் ஏட்டுச் சிந்தனையாக இதனை எழுதவில்லை. நம் மூத்த நாத்தனார் எண்பத்திரண்டு வயதினர், பிள்ளைப்பேறு இல்லாதவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருச்சியில் அறுவை மருத்துவம் முடிந்து மணப்பாறைக்குத் திரும்பினார். அவருடைய தம்பி மகன் பெங்களூரில் பணியாற்றுகின்றார். நாமோ எழுபதைக் கடந்தோம். அவரைத் தூக்கி அமர்த்த நம் கைகளுக்கு வலுவில்லை. வீட்டிற்கு வரவழைத்த பணிப்பெண்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டனர். இந்நிலையில் மணப்பாறையிலும் திருச்சியிலும் திருவரங்கத்திலுமாக ஆறு இடங்களைச் சென்று பார்க்க நேர்ந்தது.

மணப்பாறை மாட்டுச் சந்தையை அறியாதார் இலர். அங்கே ஒரு சோடி எருது வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றார், சுழி பார்க்கின்றார், நடக்கவிட்டுப் பார்க்கின்றார், துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகின்றார், மனம் ஒப்பவில்லையெனில் வெறுங்கையுடன் திரும்புகின்றார். அத்தகைய ஊரில் வாழும் நாம், நம்மைப் பெற்றவரையும் வளர்த்தவரையும் சேர்க்கும் இடத்தை ஒரு தொலைபேசி உரையாடலிலும் நான்கு புகைப்படங்களிலும் முடிவு செய்கின்றோம். நம் சமூகத்தார் உழைத்து ஓய்ந்த மாடுகளைக் காக்கப் பிஞ்சராப்போல் அமைத்தவர்கள். சென்னை அயனாவரத்தில் உள்ளது நூறாண்டு கண்டது. ஓய்ந்த மாட்டுக்குக் காப்பிடம் அமைப்பது புண்ணியம் என்றும், ஓய்ந்த மனிதருக்குக் காப்பிடம் தேடுவது மானக்கேடு என்றும் எண்ணுவது எவ்வகை நியாயமோ தெரியவில்லை. மானக்கேடு என்று எண்ணுவதனாலேயே மறைவாகவும் விரைவாகவும் தேடுகின்றோம். நன்கு பாராமல் சேர்த்துவிடுகின்றோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நர்சிங் ஹோம் என்று நம் பக்கத்தில் வழங்குவது சிறிய தனியார் மருத்துவமனையை. நோய் தீர்ந்தால் அங்கிருந்து வந்துவிட வேண்டும். முதியோர் இல்லம் என்பது தங்கி வாழுமிடம். ஆனால் பல இல்லங்கள் தம் வேலையைத் தாமே செய்துகொள்பவரை மட்டுமே ஏற்கின்றன. நாம் பார்த்த ஆறனுள் மூன்று அத்தகையன. எனவே, கேட்க வேண்டிய முதற்கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதன்று. படுக்கையில் விழுந்துவிட்டாலும் வைத்துக் காப்பீர்களா என்பதே. இதற்கு நேரான விடை வராத இடத்தில், மிகவும் துணை வேண்டிய நாளில் அவர் வாசலுக்கு வெளியே நிற்பார். அடுத்து, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு பெற்ற இல்லமா என்பதைக் கேட்டு, பதிவுச் சான்றைக் கண்ணால் காண வேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாதிரி வகுப்புகளை உற்றுநோக்கக் கற்பித்த காலத்தில், கடைசிப் பலகையைப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்வார்கள். முதற் பலகைப் பிள்ளைகள் யார் கற்பித்தாலும் கற்றுவிடுவர். வகுப்பின் தரம் கடைசிப் பலகையில்தான் தெரியும். அவ்வாறே இல்லத்தின் முன்கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவரைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், பேசவும் அசையவும் இயலாமல் உள்ளறையில் படுத்திருப்பவரைக் காண வேண்டும். அவர் நகம் வெட்டப்பட்டுள்ளதா? உதடு வறண்டுள்ளதா? கைக்கெட்டும் தொலைவில் தண்ணீர் உள்ளதா? புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் திருப்பிப் படுக்க வைத்தல் வேண்டும்; இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகும். முதுகில் புண் இருக்கின்றதா என்று கேட்டால் நிர்வாகி முகம் மாறுவதைக் கொண்டே பாதி அறிந்துகொள்ளலாம். மற்றொன்று: இரவில் படுக்கை நனையாதிருக்கும் பொருட்டு மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. துணி உலர்ந்திருப்பதைக் கண்டு தூய்மை என்று பாராட்டுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி ஆய்வாளர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் சுவரெல்லாம் வெள்ளையடித்து நிற்கும். எனவே ஒருமுறை சொல்லிவிட்டும், மறுமுறை சொல்லாமல் அந்தி வேளையிலும் செல்வது நன்று. பகலில் எட்டுப் பணியாளர் உள்ள இடத்தில் இரவில் எத்தனை பேர்? நாம் சென்ற ஓர் இல்லத்தில், பெயர் வேண்டா, முப்பதுக்கு மேற்பட்டோருக்கு இரவில் ஒரே பெண். அங்கே ஓர் அம்மையாரின் மணிக்கட்டு கட்டில் கம்பியோடு சேலைக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. கீழே விழாமல் இருக்கத்தான் என்றார்கள். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அங்கும் நன்மைக்காகத்தான் கட்டுகின்றோம் என்றே சொல்லியிருப்பார்கள். ஆள் குறைந்த இடத்தில் கயிறு ஆளாகிவிடுகின்றது. கயிறு இல்லாத இடத்தில் சில நேரம் தூக்க மாத்திரை.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த கருணை இல்லம் ஒன்றின் வண்டியில், காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும் உயிருள்ள முதியோரும் ஏற்றிச் செல்லப்பட்டதாகத் தமிழ்நாடே பேசியது. வண்டிக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி எழுப்பிய கூக்குரலால்தான் அது வெளிப்பட்டது. நிர்வாகத்தினர் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். அரசு அங்கிருந்தோரை வேறு இடங்களுக்கு மாற்றியது. குற்றம் எவருடையது என்பதை ஆராய்வது நம் வேலையன்று. அங்கிருந்தோரில் பலர் தேடிவர எவருமில்லாத ஆதரவற்றோர். தேடிவர ஆள் உள்ள முதியவரையும் அவ்வாறு ஆக்கிவிடுவது நம் கையில்தான் இருக்கின்றது.

இதனாலேயே தொலைவைப் பெரிதாகக் கருதுகின்றோம். தம்பி மகன் திருவரங்கத்தில் ஓர் இல்லத்தை விரும்பினார். கோயிலையும் காவிரியையும் நாடி முதுமையில் அங்கே தங்குவோர் பலர்; இல்லமும் நன்றாகவே இருந்தது. ஆனால் மணப்பாறையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பேருந்து மாறி மாதம் ஒருமுறை போகலாம். அதுவும் நம் முழங்கால் இசைந்தால். மணப்பாறையை ஒட்டிய இல்லத்தில் சுவரில் காரை பெயர்ந்திருந்தது, மின்தூக்கி இல்லை, எனினும் வாரம் இருமுறை எந்த நேரத்திலும் போய் நிற்கலாம். அரசு மருத்துவமனையும் அருகில். அடிக்கடி எதிர்பாராமல் வரும் ஓர் உறவினர், பளிங்குத் தரையை விடப் பெரிய காவல்.

உணவைப் பற்றிப் பேசும்போது நம் நாத்தனார் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். அதுவரை அவரைச் சுற்றி அமர்ந்து அவரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம். “என்னைக் கேட்காமல் எல்லாம் முடிவாகிறதே, பொழுது சாய்வதற்குள் சோறு போடுவார்களா, அதைக் கேளுங்கள்” என்றார். அறுபது ஆண்டுகளாக இரவில் உண்ணாதவர். கிழங்கு வகை, வெங்காயம், பூண்டு தொடாதவர். இல்லங்களில் இரவுணவு ஏழரை மணிக்கு, சாம்பாரில் வெங்காயம். ஊட்டம் கெடக்கூடாது, இந்த வயதில் விரதம் எதற்கு என்று ஒரு நிர்வாகி அறிவுரை சொன்னார். உடல் தளர்ந்தவருக்குத் தம் உடைமை என்று எஞ்சுவது இத்தகைய தீர்மானங்களே. எதை உண்பது, எப்போது விளக்கணைப்பது, யாருடன் பேசுவது என்பவற்றையும் பறித்துக்கொண்டு நீண்ட ஆயுளைக் கொடுப்பது கொடையாகுமா? நீரிழிவுக்கு ஊசி போடுபவராயின் உணவு நேரத்தை மருத்துவருடன் கலந்து அமைக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கலந்து பேசுவது வேறு. கேளாமல் விடுவது வேறு. காரை பெயர்ந்த இல்லத்துச் சமையற்காரம்மா, “ஆறு மணிக்கு முன்னாடி அவங்களுக்குத் தனியா ஒரு தோசை ஊத்தினா என்ன குறைஞ்சிடும்?” என்றார். அந்த ஒரு சொல்லில் நாத்தனார் தம் முடிவைச் சொல்லிவிட்டார்.

நினைவு மங்கியவரிடம் இவ்வாறு கேட்க இயலுமா என்று சிலர் வினவுவர். முழுமையாக இயலாது. எனினும் எதற்கு முகம் மலர்கின்றார், எதற்குக் கையை இழுத்துக்கொள்கின்றார் என்பது உடனிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். அதுவும் ஒரு விடையே.

கணக்கு வழக்குகளை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: முன்வைப்புத் தொகை திரும்புமா, மருத்துவச் செலவு யாருடையது, ஓய்வூதியப் புத்தகம் யார் கையில், இறப்பு நேர்ந்தால் முதலில் யாருக்குச் சொல்வர். இவற்றுள் ஓய்வூதியப் புத்தகத்தை இல்லத்தாரிடம் கொடுத்தல் கூடாது. தீங்கு கண்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணை முதியவரே வைத்திருக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தல் நன்று.

நாத்தனார் ஒரு மாதம் இருந்து பார்ப்பதாகச் சென்றிருக்கின்றார். மனம் ஒப்பாவிடில் திரும்பி வரலாம் என்று சொல்லியிருக்கின்றோம். அச்சொல் மெய்யென அவர் நம்பும்பொருட்டு, குடும்ப அட்டையில் அவர் பெயரை நீக்கவில்லை. அவருடைய கட்டிலையும் இடம் மாற்றவில்லை. மெத்தையை வெள்ளிக்கிழமைதோறும் வெயிலில் போட்டு எடுக்கின்றோம்.