நிக்காஹ்வைப் புதுப்பித்தல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் இஷாவுக்குப் பின் நான் கடை கட்டும் சமயம் ஓர் அன்பர் வந்து நின்றார். "காக்கா, நான் ஊருக்குப் போய் ஐந்து வருஷமாகிவிட்டது. இவ்வளவு காலம் பிரிந்திருந்தால் நிக்காஹ் முறிந்துவிடும், திரும்பவும் ஓதவேண்டும் என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டார். சபராளிகளாகிய நம்மில் பலருக்கு இந்த ஐயம் உண்டு. நான் ஆலிமல்லன். மத்ரஸாவில் ஓதியதையும், ஆலிம்சாக்களிடம் கேட்டறிந்ததையும் சொல்கிறேன்.

நிக்காஹ் என்பது வருஷா வருஷம் புதுப்பிக்கிற கடை லைசென்ஸ் அன்று. கடல் கடந்து இருப்பதால் மட்டும் அது முறிவதில்லை. ஆனால் மனைவிக்குச் செலவுக்கு அனுப்பாமல் இருப்பது பெரும் பாவம். இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக ரத்துச் சட்டப்படி, கணவன் 2 வருஷம் ஜீவனாம்சம் கொடுக்காவிட்டாலும், 4 வருஷம் இருக்குமிடம் தெரியாமற்போனாலும், மனைவி கோர்ட்டுக்குப் போய் விவாகத்தை ரத்துச் செய்துகொள்ளலாம். ஆகவே நிக்காஹ்வைப் புதுப்பிக்க எண்ணுகிறவர், முதலில் பணம் அனுப்புவதைப் புதுப்பிக்கட்டும்!

பேணுதலுக்காக மறுபடி ஓதிக்கொள்ளலாமா? கூடும் என்பது உலமாக்கள் பலரின் அபிப்பிராயம். ஹுதைபிய்யாவில் ஸலமா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இரண்டு முறை பைஅத் செய்தார்கள். இரண்டாவது உடன்படிக்கை முதலாவதை முறிப்பதில்லை என்பதற்கு இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ இதை ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறார்கள்.

உண்மையில் புதுப்பிக்க வேண்டிய இடம் வேறு. ஒரு தலாக்கோ இரண்டு தலாக்கோ சொன்னவர், இத்தா முடியுமுன் மனைவியை மீட்டுக்கொண்டால் புது நிக்காஹ் தேவையில்லை. இத்தா கடந்துவிட்டால் பெண்ணின் சம்மதம், வலீ, இரண்டு சாட்சிகள், புது மஹர் ஆகியவற்றோடு மீண்டும் நிக்காஹ் செய்யவேண்டும். குலுஉ, பஸ்கு மூலம் பிரிந்தவர்களுக்கு இத்தாவுக்குள்ளேயும் புது நிக்காஹ்தான். ஆனால் வியாபாரிகளே, கவனியுங்கள்! புதுப் பேரேடு திறந்தாலும் பழைய பாக்கி முன்கொண்டு எழுதப்படுகிறதல்லவா? அதுபோல் சொல்லிவிட்ட தலாக் கணக்கிலேயே நிற்கும். மூன்றும் தீர்ந்துவிட்டால் மறு நிக்காஹ் அவ்விருவருக்கும் கூடாது. அவள் வேறொருவரை மெய்யாகவே மணந்து வாழ்ந்து, அதுவும் தானாக நீங்கினாலன்றி வழியில்லை. அதற்கென்று ஏற்பாடு செய்யும் விவாகத்தை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள்.

இங்கே பெரியவர்களுக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது. மஃகில் இப்னு யஸார் (ரலி) அவர்கள் தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்து வைத்தார்கள். அவர் தலாக் சொல்லி, இத்தாவும் கழிந்தபின், மறுபடி பெண் கேட்டு வந்தார். மஃகிலுக்குக் கோபம் பொங்கிற்று. 'உம்மைக் கௌரவித்துப் பெண் கொடுத்தேன், நீர் அவளை விட்டுவிட்டீர். இனி ஒருகாலும் தரமாட்டேன்' என்ற கருத்தில் ஆணையிட்டுச் சொல்லிவிட்டார்கள். சகோதரிக்கோ திரும்பிப் போக விருப்பம். அப்பொழுதுதான் ஸூரத்துல் பகராவின் 232-வது ஆயத்து இறங்கிற்று. இருவரும் முறைப்படி இசைந்துவிட்டால் அவர்களைத் தடுக்கக் கூடாது என்று அல்லாஹ் கட்டளையிட்டான். மஃகில் (ரலி) ரோஷத்தை விட்டார்கள். சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுத்து, அவருக்கே மணமுடித்து வைத்தார்கள். புகாரீ, அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் இவ்வரலாறு இருக்கிறது.

சகோதரர்களே! அண்ணன் தம்பிமாரின் ரோஷத்தால் நம்மில் எத்தனை குடும்பங்கள் சேராமலே போயின? பிள்ளைகளின் முகத்தை நினைத்தோமா? வலீ தக்க காரணமின்றித் தடுத்தால், ஷரீஅத் கோர்ட் விசாரித்து வலீ ஹாக்கிம் மூலம் நிக்காஹ் நடத்திவைக்க வழியுண்டு. ஆனால் விஷயம் அந்த வாசல் வரை போகாமல் நாமே முடித்து வைப்பதே அழகு.

இன்னொன்று. ஜொகூரில் 2003-ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே, கோபத்திலோ டெலிபோனிலோ தலாக் சொல்லிவிட்டு, பின்னர் வீட்டுக்குள் இரண்டு பேரை வைத்து ஓதி மூடி மறைக்காதீர்கள். நடந்ததைக் கோர்ட்டில் அறிவித்து, அனுமதி பெற்று, மறு நிக்காஹ்வையும் பதிவு செய்யுங்கள். பதியாத நிக்காஹ்வால் நாளை வாரிசுரிமையில் கஷ்டப்படுகிறவர்கள் பெண்ணும் பிள்ளைகளுமே.

கடையில் வந்து கேட்ட அன்பருக்கு, "நிக்காஹ் அப்படியே இருக்கிறது தம்பி, டிக்கெட்டை எடும்!" என்றேன்.

அல்லாஹ் நம் குடும்பங்களில் அன்பை நிலைக்கச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.