ஒரு கூடை மண்

அல்வாலில் குடியேறிய நாம் ஏரியைச் 'செருவு' என்றழைக்கப் பழகிவிட்டோம். சொல் மாறினும் பொருள் மாறவில்லை. பலரும் கூடிக் காக்கவேண்டிய பொதுநீர் அது. தமிழகத்துச் சிற்றூர்களில் குடிகள் ஒன்றுதிரண்டு ஏரியைத் தூர் வாரினர், கரையை உயர்த்தினர், வாய்க்கால்களைச் செப்பனிட்டனர். குடிமராமத்து என்பது அப்பணியின் பெயர். ஊரைவிட்டு வந்த நமக்கு இனித் தூர் வார ஏரி ஏது?

உண்டு. நம் இல்லத்துக் கணிப்பொறியிலேயே உண்டு. மென்பொருளின் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் கொள்கையோடு 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். தமிழில் தட்டெழுத உதவும் 'எ-கலப்பை'யைத் தன்னார்வலர் ஆக்கி, விலையின்றி வழங்கினர். இவையெல்லாம் பொது ஏரிகள் அல்லவோ?

விலையின்றிப் பெற்றதற்கு நாம் கடன்பட்டவரா? "நாம் கேட்கவில்லை; அவர்களே கொடுத்தனர்" என்பார் சிலர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பயன்படுத்துவோர் உழைப்பைத் தரவேண்டும் என்று இவற்றின் உரிமங்கள் விதிப்பதில்லை. ஆயினும் 2014-இல் நிகழ்ந்தது யாது? இணையப் பாதுகாப்புக்கு உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும்பிழை வெளிப்பட்டது. உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் அதனை நம்பியிருந்தன. பேணி வந்தவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. முகந்தவர் பலர், தூர் வாரியவர் சிலர்.

குடிமராமத்தில் ஊரார் கண் இருந்தது. அதுவும் போதாமல், சென்னை மாகாணத்தில் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமே பிறந்தது. சட்டம் ஆளைக் கொணரும், அன்பைக் கொணராது. மென்பொருள் ஏரிக்கோ ஊர்க் கண்ணும் இல்லை, சட்டமும் இல்லை. வாராது நின்றவனை எவரும் அறியார். அறம் சோதிக்கப்படும் இடம் அதுவே. கொடுத்தவர் கேட்பதால் மட்டும் கடன் பிறப்பதில்லை. பெற்றவர் உணர்வதாலும் பிறக்கிறது. அதைத் திருப்பித் தரவேண்டுவது கொடுத்தவர்க்கன்று. நமக்குப்பின் நீர் முகக்க வருவோர்க்கு.

"நிரல் எழுத அறியேன்" என்று ஒதுங்கலாமா? ஏரியில் இறங்கியவர் அனைவரும் பொறியாளரா? திரையில் காணும் பொருந்தாத சொல்லுக்கு நற்சொல் தரலாம். கண்ட பிழையை ஆக்கியோர்க்குத் தெரிவிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர், மெய்ப்புப் பார்த்தனர். மென்பொருளன்று, நூலே எனினும் ஈகை ஒன்றே.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டிற்கு வெளியே தமிழ் அவர்களைப் பெரும்பாலும் திரையில்தான் சந்திக்கிறது. அது தெளிநீராய் இருப்பதும் சேறாய் இருப்பதும் நம் கையில் உள்ளது. ஊரைவிட்டு வந்தோம்; ஊர்க்கடனை விட்டு வரவில்லை. அல்வாலில் இருந்தபடியே ஆளுக்கொரு கூடை மண் சுமப்போம்.