சொன்னால் போதுமா?



உண்மையை அறிந்தவன் அதை ஒருமுறை சொல்லிவிட்டால் அவன் கடமை தீர்ந்ததா? அல்லது கேட்பவனுக்கு விளங்கும்வரை அந்தக் கடன் அவன் தலைமேல் நிற்கிறதா?

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய மத்திய அரசாங்கம் 2010-ல் மாதவ் காட்கில் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுக்கப்பட்டது. மலையை மூன்று வலயங்களாகப் பிரித்து, எங்கே புதிய சுரங்கம் கூடாது என்பன போன்ற யோசனைகளைக் குழு கூறிற்று. இவற்றை அந்தந்த மாநில மொழியில் பெயர்த்து, கிராமசபைகளில் வைத்து, ஜனங்களின் அபிப்பிராயம் கேட்ட பிறகே முடிவு செய்யவேண்டும் என்பது காட்கில் அவர்களின் எண்ணம். அறிக்கையோ ஆங்கிலத்தில் இருந்தது; 2012 மே மாதம்வரை அரசாங்கம் அதை வெளியிடவும் இல்லை. அதற்குள் வீடு போகும், காணி போகும் என்ற பேச்சு முந்திக்கொண்டது. இதற்கும், பின்வந்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கைக்கும் எதிராக 2013-ல் கேரளத்து இடுக்கியில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதன் முன்னணியில் நமது கத்தோலிக்கக் குருக்களும் நின்றார்கள் என்பதை மறைப்பானேன்? ஏழைக் குடியானவனின் அச்சத்தை நான் இகழவில்லை. நிலம்தானே அவனுக்குச் சோறு. ஆனால் படித்துப் பார்த்து எதிர்த்தவர் எத்தனை பேர்?

விளங்காத பாஷையில் பேசுவதால் சபைக்குப் பயனில்லை என்பதை அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 14-ம் அதிகாரத்தில் விரிவாகக் காட்டுகிறார். (நெடுங்காலம் லத்தீனில் பூசை கண்ட நமக்கு இது புதிதல்ல.) விஞ்ஞானியின் கணக்கும் அவ்விதமே; பஞ்சாயத்துத் தலைவருக்கு விளங்காவிட்டால் அது அலமாரிக்குத்தான் உதவும்.

கேட்பவனுக்கும் கடமை உண்டு. அறியாமை குற்றத்தைக் குறைக்கலாம். ஆனால் அறிந்தால் கட்டுப்பட நேருமே என்று வேண்டுமென்றே தேடிக்கொண்ட அறியாமை பாவத்தைக் கூட்டும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். நிபுணர் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அங்கத்தினர் இதைச் சிந்திப்பாராக.

நமது மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களிலும் இது நடக்கக்கூடியதே. தமிழ்நாட்டில் 2022 முதல், உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-லும் கிராமசபை கூடவேண்டும் என்று ஏற்பாடு. அங்கே "அதிநுகர்வுக் குறுவட்டம்" என்ற சொல் வாசிக்கப்பட்டால் சும்மா தலையாட்டாதீர்கள். நிலத்துக்குள் ஊறுவதைவிட அதிகமாய் நாம் இறைக்கிறோம் என்பதே அதன் பொருள். எழுந்து நின்று, "ஐயா, பத்து வருஷத்துக்கு முன் தண்ணீர் எத்தனை அடியில் கிடந்தது? இப்போது எத்தனை அடி? இன்னும் எத்தனை ஆழ்குழாய்க் கிணறு தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் விளங்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.