மறுபடியும் நிறையும் குளம்

உலக இயக்கங்களைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் பயிற்சி, இங்கிலாந்தில் 2014 முதல் 7 வயதுக் குழந்தைக்கே தொடக்கப் பள்ளிப் பாடமாகிவிட்டது.

ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். திரையில் குளம் ஒன்றை அமைக்கிறாள். மீன் இத்தனை, கொக்கு இத்தனை, இன்னபடி பெருகும் என்று விதி வகுக்கிறாள். கொக்குகள் மிகுந்தால் மீன்கள் அருகுகின்றன. பிறகு கொக்குகளும் பட்டினியால் மடிகின்றன. யாரும் சொல்லாமலே ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறாள். விதியில் பிழையிருந்தால் தானே திருத்துகிறாள். பிரம்பும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. நல்ல கல்விதான்.

ஆனால், அடுத்த கணம் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். செத்த மீன்களெல்லாம் துள்ளி எழுகின்றன! இங்கேதான் என் மனம் தயங்குகிறது. ஊர்க் குளத்துக்கு அந்தப் பொத்தான் ஏது?

கதை எழுதுகிறவனும் ஓர் உலகத்தைப் படைக்கிறவன்தான். எழுதியதைவிட எழுதாமல் விட்டதே அதிகம் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அடக்கம் குழந்தைக்கும் வேண்டாமா? ஆகவே, பாடம் முடிந்ததும் ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "உன் குளத்தில் எதை விட்டுவிட்டாய்?"

"மழையை" என்பாள் ஒருத்தி. "மனிதரை" என்பாள் இன்னொருத்தி.

அப்படிப் பதில் சொல்லத் தெரிந்த பிறகு, எத்தனை குளம் வேண்டுமானாலும் அமைக்கட்டும். நான் தடை சொல்ல மாட்டேன்.